அணைத்த பிறகும் ஏறிய முள்

அப்பா இறந்தது காரில்தான். வாடகைக்கு ஓட்டிய பழைய கார். உப்பளத்து ரோட்டில் ரேடியேட்டர் கொதித்து நின்றுபோக, பானட்டைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் நெஞ்சுவலி என்றார். அம்மா காரைத்தான் சொன்னாள். "அந்தச் சனியனைத் தலைமுழுகுலே" என்று அண்ணனோடு தினமும் சண்டை. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. கார் போனால் எங்கள் மூன்று பேருடைய சோறும் போச்சு.

அம்மாவை மசியவைக்க அண்ணன் ஒரு மீட்டர் வாங்கி வந்தான். துறைமுகத்துப் பக்கம் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது. எஞ்சின் சூட்டைக் காட்டுமாம். முள் சிவப்புக்கு வருமுன் வண்டியை நிறுத்திவிட்டால் கொதிக்காதாம். அதன் பின்னால் மெல்லிய செப்புக் குழாய், குழாய் நுனியில் ஒரு குமிழ். குமிழை எஞ்சின் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, மீட்டரை ஸ்டியரிங் பக்கம் திருகிப் பொருத்தினான். நான் உள்ளே உட்கார்ந்து குழாயை இழுத்தேன்.

"ஏளா, மெதுவா! முறிஞ்சா அம்புட்டும் போச்சு!"

"அப்ப நீயே இழுத்துக்கோ" என்று கையை எடுத்துவிட்டேன். யார் கத்தினாலும் எனக்கு ஆகாது. கெஞ்சினான், பிறகு இழுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவை வம்படியாகக் காரில் ஏற்றி மாப்பிள்ளையூரணி வரை போய்வந்தோம். முள் நடுவிலேயே நின்றது. வாசலில் நிறுத்தி, அண்ணன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான். உச்சி வெயில். தெருவில் ஒரு காக்கை கூட இல்லை. எஞ்சின் அணைந்து கிடக்க, முள் தானாக மேலே ஏறியது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் ஒருவர் இறந்தால், அவருடைய வள்ளம் மறுபடி இறங்குமுன் பெண்டாட்டி அதன் பக்கத்தில் நின்று அவரை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். காருக்கு அதைச் செய்ய எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"ஏலே, உங்கப்பா இன்னும் இறங்கலலே" என்றாள் அம்மா.

அண்ணனை இறங்கச் சொல்லி, அவன் பக்கக் கதவை அகலத் திறந்துவைத்தாள். "வெயில்ல எதுக்கு உட்கார்ந்திருக்கிய? வீட்டுக்கு வாங்க."

முள் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. நான் மறுபக்கக் கதவைத் திறந்து வெளியே குதித்துவிட்டேன், சொல்ல என்ன வெட்கம்? அம்மா தன் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நடந்து வீட்டுக்குள் போனாள்.

"இனி வண்டியை ஓட்டு" என்றாள். அன்று முதல் சண்டை இல்லை. நன்றாகத் தூங்கினாள்.

அண்ணனுக்குத்தான் தூக்கம் போயிற்று. எங்கே நிறுத்தினாலும் முள் ஏறியது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு குதித்து ஓடுவான். பொறுக்க முடியாமல் ஒர்க்‌ஷாப்பில் கேட்டான். "எஞ்சின் நின்னா தண்ணி ஓட்டமும் நின்னுரும்லா, சூடு அங்கனயே தங்கும். இந்த மீட்டருக்குக் கரண்டும் வேண்டாம், முள் கொஞ்சம் ஏறிட்டுத்தான் இறங்கும். எல்லா வண்டியும் அப்படித்தான்" என்று சிரித்தாராம் அங்கிருந்த அண்ணாச்சி.

போன உயிர் திரும்பி வந்ததுபோல வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கு நடுவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மாவின் கை சோற்றிலேயே நின்றது.

"அப்ப அன்னைக்கு அவிய இறங்கலையா?"

மறுநாள் காலை சவாரிக்கு ஆள் வந்து நின்றபோது, அம்மா காரின் முன்சீட்டில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை.

சவாரிக்கு வந்தவரிடம், "நீங்க போங்க. அவிய தனியா இருக்காவ" என்றாள்.