செயற்கைக்கோள் சொன்ன மழை

இன்று ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், ஒரு கட்சிக்காரர் செய்தித்தாளை விரித்துப் பெருமை பேசினார்.

"புது செயற்கைக்கோளுக்குப் பார்லிமெண்டுல பணம் ஒதுக்கியாச்சு. மழை வருமுன்னே டிவில சொல்லிருவாக. எல்லாம் கிராமத்து ஜனங்களுக்குத்தான்."

எவ்வளவு நேரம் விவாதித்தார்கள் என்று கேட்டேன்.

"விவாதம் என்னத்துக்கு? ஆமான்னு ஒரே சத்தம், நிறைவேறிருச்சு."

நனைந்து கறுத்த மிளகாய் வத்தல் மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோகும் அக்கா ஒருவர் திரும்பினார்.

"எங்க பஞ்சாயத்துக்கும் டிவி வந்துச்சுண்ணே. தலைவரு வீட்டுலதான் ஓடுது. மழை வரும்னு அதுல சொன்னாகளாம். அவுக காயப்போட்ட வத்தல மட்டும் அள்ளிக்கிட்டாக. எங்க வத்தல் அம்புட்டும் நனைஞ்சு போச்சு."

"அதுக்குப் பார்லிமெண்டு என்னம்மா செய்யும்?"

"டிவிப் பெட்டிய எங்க வைக்கணும்னும் சட்டத்துல சேத்து எழுதச் சொல்லுங்க."

கட்சிக்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டார்.

'கிராமத்து ஜனங்களுக்கு' என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டிவி யார் வீட்டில் ஓடுகிறது?