பலூன் என்று எழுதுங்கள்

4.1 வினாடி. அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு பொறியியல் கல்லூரி புதிதாகக் கட்டிய பெரிய அரங்கில், ஓர் ஓசை எழுந்து முற்றிலும் அடங்க ஆகும் நேரம் அது. பாடம் நடக்கும் இடத்தில் ஒரு வினாடி இருக்கலாம். அதற்கு மேல் போனால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுவர், தரை, மேடை எல்லாவற்றுக்கும் பளிங்கு பதித்தவர்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அளந்து பார்த்த இனாஸ் ஷலபியைத்தான் பதினோரு நாள் அலைக்கழித்தார்கள்.

இனாஸ், ஒலியியல் பிரிவின் இறுதியாண்டு மாணவி. அதே ஊரின் கர்மூஸ் பேட்டையில், ஒரு கடைசல் பட்டறைக்கு மேல்வீட்டில் வளர்ந்தவள். பட்டறைக்காரரோடு தினமும் கத்திப் பழகிய தொண்டை. மாணவர்களின் ஒலி மன்றத்துக்கு அவள்தான் செயலாளர். பதினான்கு உறுப்பினர்கள், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அளவெடுக்கும் மைக் ஒன்று. அங்கே ஒரு விதி உண்டு: சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் ஒலி சரியாகிவிடும் என்று எவன் சொன்னாலும் அன்று எல்லோருக்கும் அவன் டீ வாங்கித் தரவேண்டும்.

அந்த ஒரே மைக்கை நம்பி ஆறு பேரின் இறுதியாண்டு ஆய்வுகள் இருந்தன. மே மாதம் முடிவதற்குள் ஒப்படைக்கவேண்டும்.

ஏப்ரலில் ஒரு பிற்பகல், துறையின் அனுமதிச் சீட்டோடு இனாஸும் கிரோலோஸும் காலி அரங்கிற்குள் போனார்கள். கிரோலோஸ் மன்றத்தின் பொருளாளர். அவனுடைய அக்கா கல்யாணத்தில் மிஞ்சிய பத்து சிவப்பு பலூன்களைப் பையில் வைத்திருந்தான். பலூனை வெடிப்பது, ஓசை அடங்குவதை மைக்கில் பிடிப்பது, அவ்வளவுதான் வேலை. மூன்றாவது பலூனுக்குக் காவலர் ஸாபிர் தலைதெறிக்க ஓடிவந்தார்.

"யா ரப்பி! என்னம்மா இது, துப்பாக்கியா?"

"பலூன் சாச்சா. இதோ பாருங்க, தோல் கெடக்கு."

"வெடிச்சுதா இல்லியா?"

"வெடிச்சுது. பலூன்."

"வெடிச்சுதுல்ல? எனக்கு அது போதும். அந்தக் கருவியக் குடு பாஷ்முஹந்திஸா."

பொறியியல் படிக்கிற பெண்ணை மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. அந்த மரியாதை குறையாமலே மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அவருடைய அறிக்கை இரண்டே வரி: 'மாணவர்கள் அரங்கில் மூன்று முறை வெடித்தார்கள். கருவி கைப்பற்றப்பட்டது.' எதை வெடித்தார்கள் என்பது இல்லை.

அந்த இல்லாத சொல்லுக்காக இனாஸ் ஒன்பது நாள் நடந்தாள். பாதுகாப்பு அறையில், துணை முதல்வரைப் பார் என்றார்கள். துணை முதல்வர் அறையில், பாதுகாப்பு அறையிலிருந்து காகிதம் வரட்டும் என்றார்கள். அனுமதிச் சீட்டை நீட்டினால், அதில் அளவெடுக்க என்றுதான் இருக்கிறது, வெடிக்க என்று இல்லையே என்றார்கள். சொன்னவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

பத்தாம் நாள், புதன்கிழமை, விசாரணை. துணை முதல்வர் டாக்டர் ஹம்திக்கு அந்த அரங்கின் மேல் அப்படியொரு பெருமை. விசாரணையையே அங்கே வைத்தார். அவர் மேடையில். எழுத்தர் மதாம் ஃபைக்கா கீழே ஒரு சின்ன மேசையில். இனாஸைப் பத்தாவது வரிசையில் நிற்கச் சொன்னார்கள். கிரோலோஸ் அவளுக்குப் பின்னால்.

டாக்டர் ஹம்தி ஏதோ கேட்டார். பளிங்கு அதை வாங்கி நாலாபுறமும் எறிந்தது. இனாஸ் குத்துமதிப்பாகப் புரிந்துகொண்டு பதில் சொன்னாள். அதுவும் அப்படியே சிதறியது. கால் மணி நேரத்தில் மதாம் ஃபைக்கா தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

'நாங்கள் மூன்று முறை வெடித்தோம். இன்னும் ஏழு கைவசம் இருந்தன.'

கேட்காத இடத்தையெல்லாம் எழுத்தர் காவலரின் அறிக்கையைப் பார்த்து நிரப்பியிருந்தாள்.

"கையெழுத்துப் போடு, மைக்க எடுத்துட்டுப் போ," என்றார் டாக்டர் ஹம்தி, மேடையிலிருந்து இறங்கி வந்து.

"பலூன்னு எழுதுங்க டாக்டர்."

"ஒரு வார்த்தைக்காகவா இந்தப் பிடிவாதம்?"

"அந்த ஒரு வார்த்தை இல்லாட்டி இது போலீஸ் கேஸ். ஏழு கைவசமாம்! என்ன நெனைப்பான் படிக்கிறவன்?"

கிரோலோஸ் அவள் காதருகே குனிந்தான். "போட்டுத் தொல இனாஸ். ஆறு பேரு காத்துக் கெடக்கோம்."

"ஆறு பேரும் வெடிச்சவங்கன்னு பேரு வாங்கிட்டுப் பட்டம் வாங்குவீங்களா? வாய மூடு."

அவள் எழுத்தர் பக்கம் திரும்பினாள். "மதாம், நான் பலூன்னு எத்தன தடவ சொன்னேன் தெரியுமா? பதினோரு தடவ. ஒண்ணுகூடவா விழல?"

"எனக்கு எங்கம்மா கேக்குது!" மதாம் ஃபைக்கா பேனாவை மேசையில் போட்டாள். "நீ பேசுறதும் கேக்கல, அவரு பேசுறதும் கேக்கல. காலையிலேருந்து தலையே வலிக்குது இந்தக் குகையில."

"அதையும் எழுதுங்க."

எழுத்தர் துணை முதல்வரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். இருபத்தாறு வருடமாக அவர் போன்றவர்கள் சொன்னதையே எழுதிவந்த அந்த அம்மாள் பேனாவை எடுத்தாள். பலூன் என்று மூன்று இடத்தில் நுழைத்தாள். அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'அரங்கில் பேசியது எழுத்தருக்குச் சரியாகக் கேட்கவில்லை.' இனாஸ் கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் ஹம்தி தாளை வெடுக்கென்று பிடுங்கிப் படித்தார். முகம் சிவந்தது. "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நாலு முட்டை அட்டை ஒட்டினா சரியாப் போயிடும்!"

"டீ," என்றான் கிரோலோஸ் தரையைப் பார்த்தபடி.

அவர் அதே தாளின் மூலையில் எழுதினார்: கருவியைத் திருப்பிக் கொடுக்கவும்; ஒலி மன்றம் இந்தக் கல்வியாண்டு முடியும்வரை மூடப்படுகிறது.

மறுநாள் மைக் வந்தது, முனையில் வலை நசுங்கி. இனாஸ் ஊசியால் அதை நிமிர்த்தினாள். அறைச் சாவியைத்தான் கேட்டார்கள், அதைக் கொடுத்துவிட்டாள். மைக்கை வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஆறு பேரும் இப்போது முறைவைத்து, கடைசல் பட்டறை மூடிய பிறகு, அவள் வீட்டில் அளவெடுக்கிறார்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முதலாண்டு மாணவர்கள் நானூறு பேருக்கு அந்த அரங்கில் கணித வகுப்பு தொடங்குகிறது.