மூடி கழற்றாத ஊசிகள்

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குண்டூசி சிஸ்டர் என்று பெயர். பாசத்தில் வைத்த பெயர் இல்லை, கிண்டலுக்கு வைத்தது. கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் அறையில் பதினேழு வருஷம் நர்ஸாக இருந்தவள், அதில் கடைசி நான்கு வருஷம் ஒரு குண்டூசியோடு மல்லுக்கு நின்றாள். ஊசிதான் ஜெயித்தது.

அந்த ஊசி நரம்பு டாக்டருடையது. கோட்டின் இடது காலரில் குத்தியிருக்கும். நோயாளி ரெக்சின் கிழிந்த ஸ்டூலில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். டாக்டர் ஊசியின் முனையால் ஒரு தடவை, தலையால் ஒரு தடவை தொட்டு, கூராக இருக்கிறதா மொட்டையாக இருக்கிறதா என்று கேட்பார். சொல்லத் தெரிந்தவனுக்கு நரம்பு உயிரோடு இருக்கிறது. தெரியாதவனுக்கு இன்னும் கொஞ்சம் அழுத்துவார். அதற்கும் தெரியவில்லையென்றால் இன்னும் கொஞ்சம். கட்டைவிரலில் கடுகளவு ரத்தம் எட்டிப் பார்க்கும். ஸ்பிரிட் பஞ்சால் ஊசியை ஒரு துடை, மறுபடி காலரில் ஒரு குத்து, அடுத்த ஆள். கோட்டாவது வாரம் ஒருமுறை சலவைக்குப் போகும். ஊசி அதற்கும் போகாது.

ஐயோ அம்மா என்று கத்த வேண்டியவனுக்குத்தான் காலில் உணர்ச்சியே இல்லையே, அவன் எங்கே கத்துவான்? ரத்தம் வந்ததே தெரியாமல் டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போவான். இதை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் ரத்தத்தில் இருக்கும் நோய் இன்னொருத்தருக்குப் போக அந்தக் கடுகளவு போதும், பஞ்சால் துடைத்தால் அது போய்விடாது என்று நர்சிங் படித்த முதல் வருஷமே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டாக்டரிடம் மூன்று முறை சொன்னாள். முதல் முறை சிரித்தார், இரண்டாம் முறை முறைத்தார், மூன்றாம் முறை காதிலேயே வாங்கவில்லை. பிறகுதான் மேலே மனு எழுதிப் போட்டாள்.

அதிசயமாக மனுவுக்குப் பலன் கிடைத்தது. ஒரு ஆளுக்கு ஒரு ஊசி என்று உத்தரவு வந்தது. பிளாஸ்டிக் மூடி போட்ட புது ஊசிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. குத்திய ஊசியைப் போட ஒரு மஞ்சள் டப்பாவும், எத்தனை ஆள், எத்தனை ஊசி என்று எழுதி நர்ஸ் கையெழுத்துப் போட ஒரு பதிவேடும் வந்தன. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள், இந்த ஊசி பஞ்சு மாதிரி இருக்கிறது, கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது, ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தால் வெளியே நிற்கும் கூட்டத்தை யார் பார்ப்பது என்று சலித்துக்கொண்ட டாக்டரின் கை தானாகக் காலருக்குப் போனது. சாயங்காலம் முப்பத்தெட்டு ஊசி அப்படியே மிச்சம்.

"டப்பால போட்டுடுங்க சிஸ்டர். கணக்கு சரியா இருக்கட்டும்" என்றார் டாக்டர், மரியாதையாகத்தான்.

முடியாது என்றாள். மறுநாள் காலையில் அவளை எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிளை ஆஸ்பத்திரிக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. வீட்டில் மகளுக்குக் கடைசி வருஷப் பரீட்சை. தகப்பன் இல்லாத பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது? அன்று சாயங்காலம் ஊசிகளை டப்பாவில் போட்டாள். மூடிகூடக் கழற்றவில்லை. நாற்பது ஆள், நாற்பது ஊசி, கையெழுத்து. அப்புறம் தினமும் அதுதான் வேலை. புத்தம் புது ஊசிகள் குப்பைக்குப் போயின, பழைய ஊசி காலரில் சுகமாக இருந்தது. அவளும் சாப்பிட்டாள், தூங்கினாள். மனுஷி எதற்கும் பழகிவிடுகிறாள்.

பழகாத நாள் ஒன்று வந்தது. அவளுடைய அண்ணன் தையல்காரர். பெற்றவர்கள் போன பிறகு அவளைப் படிக்கவைத்தவர் அவர்தான். மிஷினை மிதிக்கும் கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்று வந்தார். அன்றைக்கு அவர் இருபத்து மூன்றாவது ஆள். சட்டைக் காலரில் அவருக்கும் நாலைந்து குண்டூசி குத்தியிருந்தது. டாக்டரைப் பார்த்ததும், ரெண்டு பேரும் ஒரே தொழில்தான் போல என்று வேடிக்கை பேசினார். டாக்டரும் சிரித்தார். இருபத்திரண்டாவது ஆளின் காலில் ரத்தம் வந்ததை அவள் பார்த்திருந்தாள். அவசரமாக ஒரு புது ஊசியைப் பிரித்து, மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"இது என் அண்ணன், டாக்டர்."

"அப்படியா, சந்தோஷம்" என்று அதை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, பேச்சு சுவாரசியத்தில் காலர் ஊசியை உருவினார். அவள் வாய் திறந்தது. வெளியே வரிசை முணுமுணுத்தது. வாய் மூடிக்கொண்டது. அண்ணனுக்கு மூன்றாவது அழுத்தத்திலும் தெரியவில்லை. விரலில் துளிர்த்ததை அவளே பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

மூன்றாம் மாசம் அண்ணனுக்குக் கண் மஞ்சளாகியது. வேறு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, இது தண்ணீரில் வருகிற காமாலை இல்லை, அடுத்தவர் ரத்தத்திலிருந்து வருவது, எங்கேயாவது ஊசி கீசி குத்தினார்களா என்று கேட்டார்கள். அவள் நேராகத் தன் ஆஸ்பத்திரி மேலாளரிடம் போய் நின்றாள். அண்ணனுக்கு வந்தது வந்துவிட்டது, அன்றைக்கு வந்த மற்றவர்களையாவது கூப்பிட்டு ரத்தம் பாருங்கள் என்றாள். அவர் பதிவேட்டைப் புரட்டி அந்தத் தேதியை அவள் பக்கம் திருப்பினார். நாற்பத்தொரு ஆள், நாற்பத்தொரு ஊசி.

"இது உங்க கையெழுத்துதானே சிஸ்டர்?"

டப்பாவைத் திறந்து பாருங்கள், மூடிகூடக் கழன்றிருக்காது என்றாள். டப்பாக்களைச் சனிக்கிழமைதோறும் எரித்துவிடுகிறோமே என்றார். பதிவேடு பொய் என்றால், பொய் எழுதினவர்தான் அதை எழுதித் தர வேண்டும், அதற்கப்புறம் நடப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்று ஒரு வெள்ளைத்தாளையும் எடுத்துக் கொடுத்தார். ரொம்ப நல்ல மனுஷர்.

தாளை மடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் மிஷின் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி அழுதாள். முடிந்த பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எனக்குன்னு ஒண்ணு பிரிச்சியேம்மா, அத என்ன பண்ணின?"

"டப்பால போட்டேன்ணா. கணக்கு சரியா வரணும்ல."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் மிஷின் பலகையிலேயே தாளை வைத்து எல்லாவற்றையும் எழுதினாள், தன் பெயரை முதலில் எழுதினாள்.

பொய்ப் பதிவு செய்த குற்றத்துக்காக ஒரே வாரத்தில் வேலை போனது. நாற்பது பேருக்குக் கடிதம் போனது, பதினொரு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேருக்கு அண்ணனுக்கு இருந்ததே இருந்தது. எப்படி வந்தது என்று கண்டறிய முடியவில்லையாம். டாக்டரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் இப்போது அண்ணன் கடையில் பட்டன் தைக்கிறாள்.

போன மாசம் அவள் இடத்துக்கு வந்த புது நர்ஸ் ரவிக்கை தைக்கக் கொடுக்கக் கடைக்கு வந்திருந்தாள். அளவெடுத்துக்கொண்டே, டாக்டர் காலரில் இன்னும் ஊசி இருக்கிறதா என்று இவள் கேட்டாள்.

"இல்லக்கா. இப்பல்லாம் பாக்கெட்ல வச்சிருக்காரு."

"பதிவேடு?"

அளவுக்காகத் தூக்கியிருந்த கையை அந்தப் பெண் இறக்கினாள்.

"நான்தான்க்கா கையெழுத்து போடுறேன்" என்றாள்.