பொட்டு வைத்து ஏரியில் விட்ட மீன்

மத்தியானத்தில் வீடு அடங்கிக் கிடக்கும்போது கூடத்துக் கண்ணாடித் தொட்டியிலிருந்து "டொக்" என்று ஒரு சத்தம் வரும். சற்று நேரம் கழித்து மறுபடியும் "டொக்" என்று வரும். எங்கள் மீன் திரும்ப இடமில்லாமல் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொள்கிற சத்தம் அது. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, சென்னையில் வேலை பார்த்த சித்தப்பா அதை விரல் நீளக் குட்டியாக, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்து தந்தார். கடைக்காரர் சொன்ன 'அலிகேட்டர் கார்' என்ற பேர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையாததால், அதன் நீண்ட வாயைப் பார்த்து "முதலை மீன்" என்றே எல்லோரும் சொன்னோம். ஒரே வருடத்தில் என் கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. இடித்து இடித்து அதன் மேல்தாடை நுனி இடப்பக்கமாகக் கோணிப்போயிருந்தது.

அப்பா வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் ஜீப் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஏரிக்குப் போய், தூண்டில் முள்ளில் தவளையைக் கோத்து விரால் பிடிப்பார். மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரிக்கும். எங்கள் பக்கம் அந்தக் குஞ்சுக் கூட்டத்தைப் "பார்ப்பு" என்போம். குங்குமத்தைக் கரைத்துக் கொட்டியதுபோல் தண்ணீர்மேல் சிவப்பாக நகரும், அடியில் தாயும் தகப்பனும் காவலாகச் சுற்றும். அந்த நேரத்தில் பக்கத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும் என்பதால் பிடிப்பது சுலபம். அப்பா பிடிக்கவே மாட்டார். பார்ப்பைக் கண்டால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கரையில் சத்தம் எழாமல் நடந்து வந்துவிடுவார். "பார்ப்போட இருக்கற மீனு பசியில கடிக்காது, கோவத்துல கடிக்கும். அதப் புடிக்கறவன் மனுஷனே இல்ல" என்பார். தூண்டிலோடு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி, ஊரே அதை ஒரு சட்டமாக வைத்துக்கொண்டது.

தொட்டி போதாது என்று ஆனபோது, மீனைக் கொன்றுவிடலாம் என்றார் அப்பா. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். அம்மா எனக்காகப் பேசினாள். "வாயில்லா ஜீவங்க அது. ஏரியில வுட்டா புண்ணியமாவது கெடைக்கும்" என்றாள். அப்பா, "இது நம்ம ஏரி மீன் இல்ல. சொல்றது புரியுதா உங்களுக்கு?" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள எனக்கு ஆசையும் இல்லை. பிடிவாதம் பிடித்தால் அப்பா இறங்கி வருவார் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

அடுத்த பௌர்ணமியன்று காலையில், கிரிவலக் கூட்டம் சேருவதற்கு முன்பே, அம்மா பக்கெட்டுக்கு மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள். அப்பா சுமந்துவந்தார், நான்தான் கையால் ஏரியில் சரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா இதைத் தெரு முழுக்கச் சொன்னாள். புண்ணியம் என்றால் எங்கள் ஊரில் கேட்கவா வேண்டும்? தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன டவுன்காரர்கள் இரண்டு மூன்று பேர் அதே மீனைக் கொண்டுவந்து, பொட்டு வைத்து, கும்பிட்டு ஏரியில் விட்டுப் போனார்கள்.

அதற்கடுத்த மழையில் பார்ப்பு குறைந்திருந்தது. மறு மழையில் ஒரே ஒரு கூட்டம் தெரிந்தது, மூன்றாம் நாள் அதையும் காணோம். அப்பா கரையில் நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருவார்.

நான் பத்தாம் வகுப்பு பரீட்சை எழுதிய கோடையில் ஏரி பாதிக்கு மேல் வற்றியது. ஊரார் சேர்ந்து வலை இழுத்தார்கள். கூடை கூடையாக விரால் வர வேண்டிய ஏரியில், ஆள் இடுப்பளவு நீளத்தில் மூன்று முதலை மீன்களும் கொஞ்சம் ஜிலேபிக் கெண்டையும்தான் வந்தன. செதில் கத்தி முனையை மழுக்கியது. கடைசியில் கடப்பாரையால் அடித்தார்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல்தாடை நுனி இடப்பக்கம் கோணியிருந்தது.

வலை இழுத்த மணி அண்ணன், "எவன்யா இதக் கொண்ணாந்து வுட்டது?" என்று கேட்டார்.

"நான்தான் வுட்டேன்" என்றார் அப்பா.

மணி அண்ணன் கோபப்பட்டிருந்தால் தேவலை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பார்ப்பத் தொடாதன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீதாண்ணா" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். 'நான்தான் அழுது விடவைத்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொட்டு வைத்தது அம்மா, கொண்டுவந்தது சித்தப்பா என்று பங்கு பிரித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அப்பா அன்றைக்கே தூண்டிலை ஒடித்து அடுப்பில் வைத்தார்.

ஒன்றிரண்டு மீன் ஒரு ஏரியைத் தின்றுவிடுமா, சாக்கடை வந்ததும் மனை போட்டதும் காரணமில்லையா என்று என் கணவர் சமாதானம் சொல்வார். அதுவும் இருக்கும். ஆனால் அதெல்லாம் வருவதற்கு முன்பே ஏரியில் அந்தச் சிவப்பு நின்றுபோனதை நான் பார்த்தவள். அதற்குப் பரிகாரம் எதுவும் இல்லை, இனி விரால் குஞ்சு வாங்கி விட்டாலும் அடியில் மிச்சமிருக்கிற முதலை மீன்களுக்குத்தான் தீனி.

அப்பாவுக்குச் சர்க்கரை ஜாஸ்தியாகிப் பார்வை மங்கிவிட்டது. போன மழைக்கு ஊருக்குப் போனபோது, ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. கரையேறி நின்றதும், "செவப்பா ஏதாச்சும் தெரியுதாம்மா?" என்றார். பாசிப் பச்சைத் தண்ணீரில் பிளாஸ்டிக் கவர்களும் ஆகாயத்தாமரையும்தான் மிதந்தன.

"தெரியுதுப்பா" என்றேன்.

அவர் குனிந்து, தடவித் தடவிச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "சத்தம் போடாத வா" என்று சொல்லி என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒன்றுமே இல்லாத அந்த ஏரிக்கரையில், முள் குத்தக் குத்த, நாங்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் நடந்து வந்தோம்.