வீமனுக்குப் பயம் போன கதை

போன கிழமை எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். எங்கள் வீட்டில் நாய் இல்லை. நான் விடுப்புப் பார்க்கத்தான், சும்மா வேடிக்கைக்கு, போனேன். முன்பு என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி ஒரு குட்டியை அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். குட்டி அவளுடைய கமக்கட்டுக்குள் முகத்தைப் புதைத்து நடுங்கியது. "மற்ற நாயளைக் கண்டா இதுக்குச் சரியான பயம் ரீச்சர்" என்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தூக்காதை பிள்ளை, கீழ விடு. தள்ளி நிண்டு பாக்க விடு. கிட்டப் போறதோ இல்லையோ எண்டதை அதுவே முடிவெடுக்கட்டும்" என்று ஒரு பாடமே நடத்தினேன். அவள் வாயைப் பிளந்து கேட்டாள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வைக்கும்போதுதான் உறைத்தது, நான் சொன்னதில் ஒரு சொல்கூட என்னுடையதில்லை. எல்லாம் மெற்றில்டா அக்கா சொன்னவை.

அந்தக் குட்டியில் வேப்பெண்ணெய் மணத்தது. வீமனும் அப்படித்தான் மணப்பான். எனக்கு முதல் நியமனம் முல்லைத்தீவுக் கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. விசுவமடுவில் வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவளுக்குக் கடற்கரையில் தனியே இருக்கப் பயம். தம்பி ஒரு குட்டியைப் பிடித்து, சொறிக்கு வேப்பெண்ணெய் பூசி, "இவன் உனக்குக் காவல்" என்று பெட்டியோடு தந்துவிட்டான். வீமன் என்று பெயர் வைத்ததும் அவன்தான். பெயரைத் தவிர வேறு வீரம் ஒன்றும் அந்த நாயிடம் இருக்கவில்லை. கோழி செட்டையடித்தாலே என் கதிரைக்குக் கீழே ஓடி ஒளிப்பான். நாய் குரைத்தால் சொல்லவே தேவையில்லை, ஒரே பாய்ச்சலில் என் மடியில் இருப்பான்.

உண்மையைச் சொல்கிறேனே, எனக்கு அது பிடித்திருந்தது. அந்த ஊரில் என்னைத் தேடுகிற ஒரே சீவன் அவன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது படலையடியில் காத்து நிற்பான். தெருநாய்கள் வந்தால் நான் அவனைத் தூக்கிக்கொள்வேன், அவன் என் கழுத்தில் மூச்சுவிடுவான். காவலுக்கு வந்தவனுக்கு நான் காவல்.

நான் குடியிருந்தது மெற்றில்டா அக்கா வீட்டு வளவில், ஓர் அறையில். அவவின் புருசன் கரைவலைக்குப் போகிறவர், அவ கருவாடு போடுகிறவ. வாயைத் திறந்தால் ஊர் கேட்கும். நாய், பூனை என்று கொஞ்சுகிற ஆளே இல்லை. ஒருநாள் நான் வீமனைத் தூக்கிக்கொண்டு நாய்களுக்குப் பயந்து வேலியோரமாகப் போனதைப் பார்த்துவிட்டா.

"மாதாவே! ரீச்சர், நாயைத் தூக்கிக்கொண்டு திரியிறியளோ? நீங்கள் தூக்கத் தூக்க அவன் என்ன நினைப்பான்? கீழ ஏதோ பெரிய ஆபத்து இருக்கெண்டெல்லோ நினைப்பான்!"

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தில் இருக்க, அவ அவனைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டா. வலை இழுக்கிற இடத்தில் பத்துப் பன்னிரண்டு நாய்கள் கூடும். அவ அங்கே போகவில்லை. வெகு தூரத்தில் கவிழ்த்துக் கிடந்த ஒரு வள்ளத்தோடு சாய்ந்து இருந்து வெற்றிலை போட்டாவாம். வீமன் வள்ளத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தானாம். அவ்வளவுதான், வந்துவிட்டார்கள். அடுத்த நாள் வள்ளத்துக்கு முன்னால். அதற்கடுத்த நாள் நாலு அடி தள்ளி. அவன் திரும்பி ஓடினால் மறிக்கமாட்டா. பிறகு கிழவி என்று ஒரு சாதுவான பெட்டை நாயை அவனோடு நடக்க விட்டா. "முகத்துக்கு முகம் விட்டா வம்பு ரீச்சர். பக்கத்தில பக்கத்தில நடந்தாத்தான் சிநேகிதம் வரும்."

ஒரு மாதத்தில் படலையடியில் யாரும் இல்லை. நான் வர, வளவு வெறிச்சென்று கிடக்கும். கரைக்குப் போய்ப் பார்த்தால் அவன் அக்காவின் காலடியில் படுத்திருப்பான். என்னைக் கண்டு வாலை ஆட்டுவான், எழும்பமாட்டான்! நான் பிஸ்கற் வாங்கிக் கொடுத்தேன். தின்றுவிட்டுக் கரைக்கு ஓடினான். "இண்டைக்கு அவனுக்குச் சுகமில்லை அக்கா" என்று பொய் சொல்லி அறைக்குள் பூட்டியும் வைத்தேன். அவன் கதவைப் பிறாண்டினான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்தினேன். எங்களூரில் வைக்கல் பட்டடை நாய் என்பார்கள், தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. அந்த வீட்டில் உண்மையான நாய் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு சனிக்கிழமை நானே அவனைக் கரைக்குக் கூட்டிப் போனேன். அக்கா செய்வதை எனக்குச் செய்யத் தெரியாதா என்ற கெப்பர். வலையின் மடி, மீன் சேருகிற பை, கரையேறுகிற நேரம். கரையில் அதற்கு ஒரு முறை இருக்கிறது: மடியை அவிழ்த்து, மீன் கூடைக்குப் போன பிறகுதான் நாய்களின் பங்கு. அதையும் கையில் கொடுக்கமாட்டார்கள், கழிவு மீனை அள்ளி மணலில் அகல வீசிவிடுவார்கள். அதுவரை ஒரு நாய் அசையாது. வயல்காட்டுக்காரிக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வலைக் கண்ணில் சிக்கிக் கிடந்த ஒரு சூடை மீனைக் கழற்றி, எல்லா நாய்களும் பார்க்க, "இந்தா வீமா" என்று என் கையால் நீட்டினேன்.

பிறகு நடந்தது கொஞ்ச நேரம்தான். எல்லா நாய்களும் அவன்மேல் விழுந்தன. நான் தூக்க, என்மேலும் பாய்ந்தன. இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மெற்றில்டா அக்கா ஈரக் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு வந்து நாய்களைக் கலைத்தா. வீமனின் இடக் காது பாதியாகக் கிழிந்து தொங்கியது.

"மடி ஏற முன்னம் நாய்க்கு மீன் காட்டுறதோ ரீச்சர்?" என்றா. அவ்வளவுதான் கேட்டா.

அவன் பழையபடி ஆகிவிட்டான். கதிரைக்குக் கீழே படுத்தான். இலை அசைந்தாலும் என் மடிக்கு வந்தான். நான் காதுக்கு மருந்து போட்டேன், சோறு பிசைந்து ஊட்டினேன், இரவில் என் பாய்க்கரையில் படுக்க வைத்தேன். கடவுளே, இதை எப்படிச் சொல்வது? அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டா. வாசலில் நின்று, அன்றைக்கு மட்டும் மெல்லிய குரலில் கேட்டா: "ரீச்சர், இவன் பயந்துகொண்டிருந்தாத்தான் உங்களுக்கு நல்லமோ?"

எழும்பிப் போய் முகத்தைக் கழுவினேன். பின்னேரம் நானே அவனைக் கொண்டுபோய் அந்தக் கவிழ்த்த வள்ளத்தடியில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். அக்கா எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கினா. இந்த முறை மூன்று மாதம் எடுத்தது. நான் குறுக்கே போகவில்லை. எரிச்சல் மட்டும் குறையவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஸ்கந்தபுரத்துக்கு மாற்றம் வந்தது. வீமனையும் கொண்டுபோகத்தான் நினைத்திருந்தேன். ஓட்டோவில் சாமான் ஏற்றியபோது அவன் வளவில் இல்லை. கரை ரோட்டால் போகையில் ஒரு நாய்க்கூட்டம் ஓட்டோவைத் துரத்திக் குரைத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், அரைக் காதோடு, ஊரே அதிரக் குரைத்துக்கொண்டு ஓடிவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

"உங்கட நாயெல்லோ ரீச்சர்? நிப்பாட்டவோ?" என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

"வேண்டாம், ஓடுங்கோ" என்றேன். பெரிய ரோட்டுச் சந்தி வரும்வரை அழுதேன்.

சில வருசம் கழித்து அக்கா ரெலிபோன் எடுத்தா. வீமன் செத்துப்போனான். அவ விம்மி விம்மி அழுதா. நாய் கொஞ்சாத மனுசி! எனக்கு அந்த அழுகையிலும் எரிச்சல் வந்தது.

"கடைசியில பயந்தவனோ அக்கா?" என்று கேட்டேன்.

"எங்க பயந்தவன்? மற்ற நாயள் எல்லாம் சுத்திவரப் படுத்திருந்ததுகள்."

இப்போது அக்காவும் இல்லை. அவவின் செத்தவீட்டுக்குப் போனபோது கரைக்கும் ஒருக்கால் போய்ப் பார்த்தேன். அங்கே நின்ற நாய்களுக்கு என்னைத் தெரியவில்லை, எனக்கும் அவற்றைத் தெரியவில்லை. வீமன் முதலில் யாருடைய நாய் என்று சொல்ல இனி அந்த ஊரில் ஒருவருமில்லை.