எக்ஸ்ரே வீட்டுக் குடமிளகாய்

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் அந்த அம்மாவை ரயில்வேயில் எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் சொல்வார்கள். முப்பது வருடம் ஓடும் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். பெட்டிக்குள் ஏறி ஒரு பார்வை பார்த்தால் போதும், யாரிடம் டிக்கெட் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார். "டிக்கெட் இல்லாதவன் ஜன்னல் வழியா வெளிய பாக்க மாட்டான். பாக்குற மாதிரி இருப்பான்" என்பார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் அவரோடு ரயிலில் போனதில்லை.

ஒருநாள் நடைமேடையில் எவனையோ துரத்தப் போய்ப் படிக்கட்டில் உருண்டு விழுந்தார். வலது முழங்கால் பழையபடி மடங்கவில்லை. நிர்வாகம் அவரைத் தொலைந்த பொருள்கள் அலுவலகத்தில் உட்கார வைத்தது. காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை வேலை. யாராவது வந்து "என் குடை" என்றால் போதும். எத்தனை கம்பி, கைப்பிடியில் கீறல் உண்டா, கடைசியாக எப்போது விரித்தீர்கள் என்று குறுக்கு விசாரணை நடக்கும். குடையே வேண்டாமென்று நனைந்துகொண்டு போனவர்கள் உண்டு.

அந்த அலுவலகத்துக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே துளை போட்ட வெள்ளைக் குழாய்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி, சின்ன பம்ப், ஊதா வெளிச்சம் தரும் விளக்குப் பட்டை, இரண்டு பாட்டில் உரக்கரைசல், களிமண் உருண்டைகள், குடமிளகாய் விதை, ஒரு கையேடு. மண்ணே இல்லாமல் வீட்டுக்குள் செடி வளர்க்கிற சாமான். ஆறு மாதம் ஆகியும் யாரும் கேட்டு வரவில்லை. அப்படிக் கேட்பாரில்லாத பொருளை ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். செடி மேல் ஆசைப்பட்டு அல்ல. "இவ்வளவு நல்ல சாமான ஒருத்தன் ஏன் விட்டுட்டுப் போவான்? இதுல என்னமோ இருக்கு" என்று.

வீட்டில் அவரையும் சேர்த்து மூன்று பேர். கணவர் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறவர். எதைச் சொன்னாலும் "இருக்கட்டும்" என்பார். மூன்றாவது ஆள் கணவரின் தம்பி. நாற்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குளிர்பான ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். வெளிச்சப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும். எதிலாவது தூசி தெரிந்தால் எடுத்துவிட வேண்டும், அதுதான் வேலை. ஆலையை மூடிவிட்டார்கள். ஐந்து மாதமாக அண்ணன் வீட்டில் இருந்தார். காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, சான்றிதழ் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "வேலை தேடிட்டு வரேன் அண்ணி" என்று கிளம்புவார். நான் கீழ்வீட்டிலிருந்து தினமும் பார்ப்பேன்.

சாமான் வைக்கும் சின்ன அறையைக் காலி செய்து குழாய்களைப் பொருத்தினார் எக்ஸ்ரே. ஜன்னலை இறுகச் சாத்தினார், பூச்சி வரக்கூடாதாம். மின்விசிறி போடவில்லை, தூசி பறக்குமாம். ஏழு செடிகள் வந்தன. ஜன்னலில் ஊதா வெளிச்சம் தெரிய, உண்மையைச் சொன்னால் எனக்கே சந்தேகம் வந்தது. ஏதோ சாக்குச் சொல்லி மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பத்து வாரத்தில் வெள்ளைப் பூ விட்டது. சில நாளில் பட்டாணி அளவுக்குப் பிஞ்சுகள் பிடித்தன.

அவர் சந்தேகம் அப்போதுதான் ஆரம்பித்தது. தொட்டியில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். முன்பு ஒரு நாளில் அரை விரற்கடை குறைந்த தண்ணீர் இப்போது இரண்டு விரற்கடை குறைந்தது. சுவரோரம் இருக்க வேண்டிய குட்டி ஸ்டூல் செடிகளின் பக்கம் தள்ளியிருந்தது. கணவரைக் கேட்டார்.

"ஏங்க, அந்த ரூமுக்குள்ள போனீங்களா?"

"நான் எதுக்குப் போறேன்?"

"அப்ப யாரு போனது?"

"யாராவது போயிருப்பாங்க. இருக்கட்டும் விடு."

விடுகிற ஆளா அவர்? தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, அறைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே சோப்பால் ஒட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மூன்றரை மணிக்குத் திரும்பினால் முடி அறுந்து தொங்கியது. மறுநாளும் அப்படியே. பகலில் வீட்டில் யாரும் இல்லை. பூட்டு உடைபடவில்லை. வீட்டுச் சாவி நான்கு. மூன்று அவர்கள் மூவரிடமும். நான்காவது, ஆத்திர அவசரத்துக்கென்று என்னிடம்.

அன்று மாலையே என் வீட்டு வாசலில் நின்றார்.

"எங்க வீட்டுச் சாவிய எங்க வெச்சிருக்கீங்க?"

"அலமாரியில."

"காட்டுங்க."

காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களைச் சந்தேகப்படல. உங்களைச் சந்தேகப்பட வேண்டியதில்லன்னு உறுதி பண்ணிக்கிறேன்." இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

மூன்று நாள் கழித்துக் கவரைப் பார்த்தார். பிரிக்கவில்லை. அறைக் கதவில் ஒட்டிய முடி மட்டும் மூன்று நாளும் அறுந்திருந்தது. அறைக்குப் பூட்டுப் போட்டுவிடலாமே என்று சொன்னேன். "பூட்டுப் போட்டா ஆளு மாட்ட மாட்டான்" என்றார்.

ஒரு புதன்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டுப் பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியிலேயே கழற்றி, சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினார். சின்ன அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. பம்ப் ஓடும் சத்தம். ஸ்டூலில் இஸ்திரிச் சட்டையோடு கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். கோப்பு தரையில் கிடந்தது. கையில் குழந்தைகள் வர்ணம் தீட்டும் மெல்லிய பிரஷ். ஒரு பூவுக்குள் அதைச் சுழற்றுவார். அடுத்த பூவுக்குப் போவார். "பதினேழு, பதினெட்டு" என்று வாய் முணுமுணுத்தது.

"என்ன தடவுறீங்க?"

அவர் துள்ளி எழுந்தார். பிரஷ் இருந்த கை தானாகப் பின்னால் போனது. அந்தக் கைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. முப்பது வருடமாகப் பின்னால் போகிற கைகளைப் பார்த்தவர் எக்ஸ்ரே.

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லன்னா கைய ஏன் ஒளிக்கிறீங்க? வேலை தேடப் போனவரு இங்க என்ன பண்றீங்க?"

எக்ஸ்ரே பிரஷைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. காகிதத்தில் மடித்துத் தேதி எழுதிக் கைப்பைக்குள் வைத்தார். சாயங்காலம் கணவர் வந்ததும் கூடத்தில் விசாரணை.

"உங்க தம்பி என் செடிக்கு என்னத்தையோ பூசுறாரு. எத்தனை நாளான்னு கேளுங்க."

"அவன் ஏன் பூசுறான்?"

"அதைத்தான் கேளுங்கன்றேன்!"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். "நான் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னார். ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு கிளம்பினார். அக்கா வீடு மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி. தம்பி போன பிறகு கணவர், வழக்கமான ஒற்றை வார்த்தைகூடச் சொல்லாமல், சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பூக்கள் உதிரத் தொடங்கின. காம்போடு மஞ்சளாகிக் குழாய் மேல் விழுந்து கிடந்தன. ஒரு பூகூடப் பிஞ்சாகவில்லை. எக்ஸ்ரேக்குக் கோபத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. "பாத்தீங்களா, வெஷம் இப்பத்தான் வேலை செய்யுது" என்று என்னிடம் சொன்னார். உதிர்ந்த பூக்கள் ஒரு கவர், தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில், மடித்து வைத்த பிரஷ். மூன்றையும் எடுத்துக்கொண்டு, இந்த மாதிரிச் செடிச் சாமான் விற்கிற கடைக்குப் போனார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார், சாட்சி வேண்டுமாம்.

கடையை நடத்துவது ஒரு பெண். தண்ணீரில் ஒரு கருவியை விட்டுப் பார்த்தார். "தண்ணி நல்லா இருக்கு." பூவைப் பிரித்துப் பார்த்தார். பிரஷை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வெஷமெல்லாம் இல்லைங்க. இது மகரந்தம்."

"யாரு பூசுனது?"

"பூவுலதானே இருக்கும். உங்க ரூம்ல ஜன்னல் தொறந்திருக்குமா? ஃபேன் உண்டா?"

"ரெண்டும் கிடையாது. காத்தே உள்ள வராது" என்றார் எக்ஸ்ரே, பெருமையாக.

"அதான் உதிருது. ஒரே பூவுக்குள்ள ஆணும் பெண்ணும் இருந்தாலும் காத்து அசைக்கணும், இல்லன்னா தேனீ வரணும். ரெண்டும் இல்லன்னா நாமதான் பிரஷால தொட்டு விடணும். முன்ன காய் பிடிச்சுதுன்னு சொன்னீங்களே? அதை யாரோ உக்காந்து ஒவ்வொரு பூவா செஞ்சிருக்காங்க."

"தண்ணி குறையுதே?"

"செடி வளந்துடுச்சு, குடிக்குது. உங்க புக்லயே போட்டிருக்குமே."

எக்ஸ்ரே பிரஷைத் திரும்ப வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது கையேட்டைக் கைப்பையிலிருந்து எடுத்துப் புரட்டினார். முப்பத்தோராம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பிரஷ் சங்கதி இருந்தது. டிக்கெட்டின் பின்பக்க விதிகளை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியே வாழ்ந்தவர், அந்த ஒரு பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். புத்தகத்தை மூடினார். எங்கள் நிறுத்தம் வந்தது, அவர் இறங்கவில்லை. நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா வீட்டில் கொழுந்தனார்தான் கதவைத் திறந்தார். அண்ணியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். கூடத்தில் உட்கார்ந்தோம். எக்ஸ்ரேக்கு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. தெரிந்த வழியில் ஆரம்பித்தார்.

"எத்தனை மணிக்கு உள்ள போவீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் போனதுக்கு அப்புறம் திரும்பி வந்து... ஒரு ஒன்பது."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டரை வரைக்கும். அப்புறம் வெளிய போய்ட்டு, நீங்க வந்த பிறகு திரும்பி வருவேன்."

"வேலை?"

அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு மாசம் நெஜமாவே தேடினேன் அண்ணி. போற எடத்துல எல்லாம் வயசக் கேட்டாங்க. அப்புறம் போக முடியல. அண்ணன்கிட்ட சொல்லவும் முடியல. அந்த ரூம்ல மோட்டார் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், வெளிச்சம் இருக்கும். அங்க உக்காந்தா வேலைக்குப் போன மாதிரி இருந்துச்சு. சும்மா உக்காரக் கூடாதேன்னு புக்கப் படிச்சேன். அதுல போட்டிருந்ததத்தான் செஞ்சேன்." அண்ணியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "நீங்க சந்தேகப்பட்டது முழுசா தப்பில்ல. நான் பொய் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்."

எக்ஸ்ரே வலது காலை மெல்ல நீட்டிக்கொண்டார்.

"எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்ல தம்பி. வேலையில ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல. டிக்கெட்ட காட்டிட்டா, 'சரி'ன்னு சொல்லிட்டு அடுத்த சீட்டுக்குப் போயிடுவேன்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "உங்கள அப்படி விட்டுட்டுப் போக முடியல. வீட்டுக்கு வாங்க."

அவர் உடனே வரவில்லை. நான்காம் நாள் வந்தார். அதற்குள் எக்ஸ்ரே தானே பிரஷைப் பிடித்து மூன்று பூக்களைக் காம்போடு ஒடித்திருந்தார். கணவரிடம் தம்பியே எல்லாவற்றையும் சொன்னார். "இதுக்கா இவ்வளவு பயந்த?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தம்பியின் பையை வாங்கி உள்ளே வைத்தார் அண்ணன்.

ஒரு மாதம் கழித்துக் கடைக்காரப் பெண் ஆள் தேடினார். அவருடைய கொட்டகையில் இருநூறு செடிகள்; பொறுமையாக உட்கார்ந்து பூவையும் இலையையும் பார்க்க ஆள் வேண்டும். கொழுந்தனாரை அழைத்துக்கொண்டு எக்ஸ்ரேயே போனார். எத்தனை மணி வேலை, இதற்கு முன் இருந்த ஆள் ஏன் போனார், போனாரா அனுப்பினீர்களா என்று அவர் கேட்ட கேள்விகளில், கிடைத்த வேலை கையை விட்டுப் போயிருக்க வேண்டியது. எப்படியோ போகவில்லை. இப்போதும் கொழுந்தனார் காலையில் இஸ்திரிச் சட்டையோடு போகிறார். கோப்பு இல்லை.

முதல் அறுவடையில் பதினொரு குடமிளகாய். அதில் ஒன்றை எக்ஸ்ரே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் அங்கேயே நறுக்கி ஒரு துண்டை வாயில் போட்டேன். மென்று முடிக்கும் வரை நின்று பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நெஜமாத்தான் சொல்றீங்களா?" என்றார்.