கேட்டடிப் போனில் ஒரு மணி

போன ஞாயிறு என்னால் ஒரு ரெயில் நின்றது. பெருமைக்குச் சொல்லவில்லை. என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற இடத்தில், என் அயலில் இருக்கிற சிவம், நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் துண்டுக் காணி எடுத்துக் கத்தரியும் மிளகாயும் போடுகிறான். அன்று அவனோடு வான் வண்டியில் எரு ஏற்றிக்கொண்டு போனேன். காணிக்குப் போக ரெயில் பாதையைத் தாண்ட வேண்டும். காவலாள் இல்லை. நாமே திறந்து மூடுகிற கேட்.

பாதையோரம் பழைய தந்திக் கம்பங்கள் வரிசையாய் நிற்கின்றன. முந்தி ரெயில்காரரின் பேச்செல்லாம் அதில்தான் ஓடியதாம். இப்போது ஒரு கம்பிகூட இல்லை. கேட்டின் இரண்டு பக்கமும் பெட்டிக்குள் ஒரு போன் மட்டும். எடுத்தால் நேரே சிக்னல் அறையில் அடிக்கும். தாண்டுமுன் கேட்க வேண்டும். தாண்டிய பிறகு சொல்ல வேண்டும்.

கேட்டேன். "போங்கள், தாண்டியதும் சொல்லுங்கள்" என்றாள் ஒரு பெண். தாண்டினோம். மறுபக்கப் போனை எடுத்தேன்... ஒரு மணி அடித்ததும் வைத்துவிட்டேன்.

மிஸ்ட் கோல். நம்மவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டுமா? சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து என் தம்பி கிழமைக்கு ஒருமுறை அப்படித்தான் அடிப்பான். ஒரு மணி — உயிரோடு இருக்கிறான். அவ்வளவுதான் செய்தி.

எருவை இறக்கும்போது சிவம் நிமிர்ந்து ரெயில் பாதையைப் பார்த்தான்.

"என்ன மச்சான், கோச்சி நடந்து வருது?"

"ஞாயிற்றுக்கிழமைதானே. அதுக்கும் லீவு போல."

ரெயில் கேட்டடியில் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். "சிக்னலுக்குப் பேசுங்கள். உங்களைத்தான் தேடுகிறார்கள்."

"நீ சொல்லேல்லையோ?" சிவம் கேட்டான்.

"மிஸ்ட் கோல் குடுத்தனான்."

"விசரா."

ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எல்லாரும் பத்திரமா?" என்றாள். மணி நின்றதும் திருப்பி அடித்திருக்கிறாள். எடுக்க ஆள் இல்லை. வான் தண்டவாளத்தில் சிக்கிவிட்டதா, எங்களுக்கு ஏதும் ஆகிவிட்டதா — அவளுக்கு எப்படித் தெரியும்? ரெயிலை மறித்து, ஊர்ந்துபோய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.

"அடித்தேன்... வைத்துவிட்டேன்" என்றேன்.

"ஏன்?"

மன்னிப்புக் கேட்டேன்.

அந்தச் சண்டைக் காலத்தில் ஒரு கிழமை தம்பியின் மணி வரவில்லை. அடுத்த கிழமையும் இல்லை. பிறகு வரவேயில்லை. காத்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்த நானே இன்னொருத்தியைக் காக்கவைத்தேன். அதுதான் ஆத்திரம்.

ஆகவே, போய்ச் சேர்ந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். மணி போதாது.

முகம் தெரியாத இரண்டு பேருக்காக அவள் ஒரு ரெயிலையே நிறுத்தினாள். தம்பியின் மணி வராத அந்தக் கிழமை, போய்ப் பார்க்கச் சொல்லி நிறுத்த எனக்கு ஒரு ரெயில் இருக்கவில்லை.